நியூசிலாந்தில் மான் வேட்டை: 300 மீட்டருக்கு எந்த ஸ்கோப் வாங்குவது?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம் அண்ணன்மார்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவும் மச்சானும் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறார்கள், பதினோரு வருடமாகிறது. மச்சான் அங்கே முறையாக லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறவர். வரும் ஏப்ரலில், செம்மான் கடாக்கள் கத்தும் பருவத்தில், என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். வெளிநாட்டுப் பயணிக்கான துப்பாக்கி லைசென்ஸுக்கு நான் மனு போட்டுவிட்டேன். அவரிடம் இருப்பது டிக்கா டி3எக்ஸ் ரைபிள், .308 தோட்டாவுக்கானது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ரொம்பப் பழையது, 4 மடங்கு மட்டும்தான் பெரிதாக்கிக் காட்டும், குளிர்ந்த காலையில் உள்ளே பனி படிந்து ஒன்றும் தெரிவதில்லையாம். "நீ பார்த்து ஒன்றைச் சொல், இரண்டு பேரும் பாதிப்பாதி போட்டு வாங்கிவிடுவோம்" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த வேட்டையெல்லாம் தோட்டத்து வேட்டைதான். அப்பாவுக்குத் தோட்டத்தின் வழியாக லைசென்ஸ் இருந்தது, பன்னிரண்டு போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி. செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிகளுக்காக இரவில் போவார், பதினான்கு பதினைந்து வயதில் நானும் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறேன். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவில் இருபது முப்பது மீட்டர், அவ்வளவுதான் தூரம். மச்சான் சொல்வதோ பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தப் பக்கச் சரிவில் 250, 300, சில நேரம் 350 மீட்டர்.

இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. 6-24x50 (6 முதல் 24 மடங்கு, முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்) என்று ஒன்று 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. வெறும் 3-9x40 ஒன்று 2000 வெள்ளி. 24 மடங்கு காட்டுவது மலிவாகவும் 9 மடங்கு காட்டுவது விலையாகவும் இருக்கக் காரணம் என்ன? தூரம் அதிகம் என்றால் பெரிய எண்ணைத்தானே வாங்க வேண்டும்? என் பங்கு அதிகபட்சம் 1800 வெள்ளி, அவரும் அதே அளவு போடுவார். எனக்கு வயது 43, கண்ணாடி போடுகிறேன். இங்கேயே ஆர்டர் செய்து கொண்டுபோகலாமா, அங்கே போய் வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

தெற்குத்தீவு (கேன்டர்பரி, பிறந்தது பகாவ்)

தம்பி, சரியான இடத்தில் கேட்டீர்கள். நான் பகாவ் பக்கத்துத் தோட்டப் பையன், இங்கே வந்து மான், தார் இரண்டும் வேட்டையாடிக்கொண்டிருக்கிறேன். தார் என்பது தமிழ்நாட்டு மலைகளில் இருக்கும் நம் வரையாட்டின் இமயமலைச் சொந்தம். 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள், செம்மான் அதற்கும் முன்பே 1851-இல் வந்துவிட்டது. இந்த நாட்டில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை, அதனால் இவை காட்டையும் மலைப் புல்லையும் மேய்ந்து அழிக்கின்றன, வேட்டையை அரசே ஊக்கப்படுத்துகிறது. பொது நிலத்துக்கு டாக் என்று இங்கே எல்லாரும் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும், இணையத்திலேயே கிடைக்கும்.

இப்போது ஸ்கோப். அந்த 6-24-ஐ மறந்துவிடுங்கள், விலையை வைத்துச் சொல்லவில்லை. ஏப்ரலில் கடா கத்தும்போது நீங்கள் எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள், அது முப்பது மீட்டரில் புதருக்குள்ளிருந்து வெளியே வந்து நிற்கும். எனக்கு இது மூன்று முறை நடந்திருக்கிறது. 6 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் அகலம் ஆறு மீட்டர்தான், முப்பது மீட்டரில் அது இரண்டு மீட்டருக்கும் கீழே. கண்ணாடிக்குள் பழுப்பு முடி தெரியும், தோளா தொடையா தெரியாது. 3 மடங்கில் அந்த அகலம் இரட்டிப்பு. அதனால் கீழ் எண் 2.5 அல்லது 3 இருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். மேல் எண் 10 அல்லது 12 இருந்தால் 350 மீட்டருக்குத் தாராளம். நான் 300 மீட்டரில் சுட்ட மான்களையெல்லாம் 8-இலோ 10-இலோ வைத்துத்தான் சுட்டேன். அதற்கு மேல் போனால் நம் மூச்சும் இதயத்துடிப்பும்தான் பெரிதாகத் தெரியும், வெயில் நேரத்தில் கானல் அலையும் சேர்ந்துகொள்ளும்.

எடையும் இருக்கிறது. டிக்கா மூன்று கிலோ. 24 மடங்கு ஸ்கோப்பும் அதைத் துப்பாக்கியில் பூட்டும் பெரிய வளையங்களும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இன்னொரு கிலோ. ஆயிரம் மீட்டர் ஏறிப் பாருங்கள், அந்த ஒரு கிலோ தோளில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மச்சானிடம் நல்ல பைனாகுலர் இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்கோப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முதலில் 8x42 அல்லது 10x42 பைனாகுலர் வாங்குங்கள். ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் அதன் மேல் துப்பாக்கிக் குழலைத் திருப்பித்தான் பார்க்கிறீர்கள். கத்தும் பருவத்தில் மலையில் ஆட்கள் நிறைய இருப்பார்கள், சிலர் மான் மாதிரியே கத்திக் கூப்பிடுவார்கள். இங்கே பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஏழு பாதுகாப்பு விதிகளில் ஒன்று, சுடுவது என்ன என்பதில் ஒரு துளிகூடச் சந்தேகம் இருக்கக்கூடாது. தேடுவது பைனாகுலரில், முடிவு எடுத்த பிறகுதான் ஸ்கோப்.

---

பால்மரம்52 (சுங்கை சிப்புட்)

தம்பி, நம் ஊர்க்காரர் என்பதால் எழுதுகிறேன். ஸ்கோப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியும்: இங்கே வாங்காதீர்கள், திரும்பி வரும்போது கொண்டும் வராதீர்கள். அங்கே வாங்கி மச்சான் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நம் ஊரில் துப்பாக்கி என்ற சொல்லுக்கே ஒரு கனம் உண்டு. என் அப்பா எல்பில் தோட்டத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். 1948 ஜூன் 16-இல் அந்தத் தோட்டத் துரையைக் கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டுக்கொன்ற நாளைப் பற்றி அவர் பேசும்போது குரலே தாழ்ந்துவிடும். அதோடு அவசரகாலம் வந்தது, முள்வேலி வந்தது, பன்னிரண்டு வருடம் ஓடியது. அது முடிந்த 1960-இல் வந்ததுதான் ஆயுதச் சட்டம். காற்றுத் துப்பாக்கிக்குக்கூட லைசென்ஸ் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1971-இல் வந்த இன்னொரு சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருடம்வரை சிறை, ஆறு ரோத்தானுக்குக் குறையாமல் அடி. ஸ்கோப் துப்பாக்கி இல்லைதான், ஆனால் துப்பாக்கியின் பாகம் மாதிரி இருக்கும் ஒரு பெட்டியோடு விமான நிலையத்தில் நின்று சுங்க அதிகாரிக்கு விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு எதற்கு? கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் போலீஸிலும் சுங்கத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நானும் தோட்டத்துத் துப்பாக்கி தூக்கியவன்தான். தோட்டா எத்தனை என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அதனால் நாங்கள் சும்மா சுட்டதில்லை, பன்றி பக்கத்தில் வரும்வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருப்போம். ஒருமுறை அவசரப்பட்டு ஐம்பது மீட்டரில் சுட்டேன். அடிபட்ட பன்றி தீம்பாரை, அதாவது மரம் நட்ட தோட்டப் பகுதியை, தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் தேடினேன், கிடைக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அது மனதில் இருக்கிறது. 350 மீட்டர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் தெரிகிறது என்பதற்காகப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

---

செம்பனைக்காடு

ஐயா, நன்றி. இங்கே வாங்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிட்டேன்.

தெற்குத்தீவு அண்ணே, பைனாகுலர் மச்சானிடம் நல்லது ஒன்று இருக்கிறது, கேட்டுவிட்டேன், 10x42. சரி, 3-இலிருந்து 12 என்று வைத்துக்கொள்வோம். ஒரே எண் போட்ட ஸ்கோப்பே 500 வெள்ளிக்கும் இருக்கிறது, 4000 வெள்ளிக்கும் இருக்கிறது. நடுவில் உள்ள 3500 வெள்ளி எங்கே போகிறது?

---

லென்ஸ்வைத்தியர் (ஈப்போ)

நான் வேட்டைக்காரன் இல்லை. கேமரா, லென்ஸ், பைனாகுலர் பழுது பார்ப்பது என் தொழில், இருபத்தெட்டு வருடமாக. அந்த 3500 வெள்ளி எங்கே போகிறது என்பதை நான் சொல்ல முடியும்.

பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் லென்ஸ் ஒன்றிரண்டு இல்லை. பத்துப் பரப்பு என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள், மூன்றில் ஒரு பங்கு ஒளி உங்கள் கண்ணுக்கு வந்தே சேராது. அது மட்டும் என்றால் பரவாயில்லை, திரும்பிப்போன ஒளி உள்ளேயே அலைந்து படத்தின் மேல் வெள்ளைத் திரை மாதிரி படியும். சூரியன் சாயும் பக்கம் பார்த்தால் மலிவான ஸ்கோப்பில் எல்லாம் வெளுத்துப்போவது இதனால்தான். ஒளியைத் திருப்பாமல் உள்ளே விடும் பூச்சை ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்ற அறிஞர் 1935-இல் கண்டுபிடித்தார். இன்று எல்லா நிறுவனமும் பூச்சு போடுகிறது, ஆனால் எல்லாப் பரப்பிலும் பல அடுக்காகப் போடுவதும் வெளிப்பக்கம் மட்டும் ஓர் அடுக்கு போடுவதும் ஒன்றில்லை. விலையில் பாதி அங்கே போகிறது. மீதி, திருகைத் திருப்பினால் சொன்ன அளவு மட்டும் நகரும் உலோக வேலைக்குப் போகிறது. உங்கள் மச்சானின் பழைய ஸ்கோப்பில் பனி படிகிறது என்றால் அடைப்பு வளையம் போய் உள்ளே இருந்த வாயு வெளியேறி, ஈரக்காற்று புகுந்திருக்கும். நல்ல ஸ்கோப்பில் உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்திருப்பார்கள்.

அடுத்து, முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம். உங்கள் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும், இளவயதில் ஏழு மில்லிமீட்டர்வரை, வயது ஏற ஏறக் குறையும், உங்கள் வயதில் ஐந்து, ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மில்லிமீட்டர் வாசலில் இரண்டு மில்லிமீட்டர் ஒளியை அனுப்பினால் படம் இருட்டாகத்தான் தெரியும். 44 மில்லிமீட்டர் ஸ்கோப்பை 8-இல் வைத்தால் 5.5 வருகிறது, கண்மணி நிறைந்துவிடும். 12-இல் வைத்தால் 3.7, பகலில் போதும். இந்தக் கணக்கு தெரிந்தால் 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடிக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

இங்கே நம் ஊரில் சூரியன் விழுந்தால் இருபது நிமிடத்தில் இருட்டு. தெற்கே போகப்போக அந்தி நீளும், ஏப்ரல் மாதம் கிறைஸ்ட்சர்ச்சில் அரை மணி நேரம்வரை மங்கிய ஒளி இருக்கும். மான் வெளியே வரும் நேரமும் அதுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே கண்ணாடித் தரத்தில் கைவைக்காதீர்கள்.

கண்ணாடி போடுகிறவர் என்பதால் இன்னொரு விஷயம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி 90 முதல் 100 மில்லிமீட்டர் இருப்பதாகப் பாருங்கள். கண்பக்க வளையத்தைத் திருப்பிக் குறுக்குக்கோட்டைத் தெளிவாக்கும்போது வெறும் வானத்தைப் பார்த்து, இரண்டு நொடி பார்த்ததும் கண்ணை எடுத்துவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் உங்கள் கண் தானே சரிசெய்துகொண்டு, தெளிவாக இருப்பதாக ஏமாற்றும்.

(இங்குள்ள பைனாகுலர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து பீரோவுக்குள் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். நம் ஈரத்துக்கு ஆறே மாதத்தில் லென்ஸில் பூஞ்சை நூல் விடும், பூச்சை அரித்துவிட்டால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும்.)

---

பத்துவளையம் (ஜொகூர்)

கிளப்பில் இலக்குச் சுடுகிறவன் நான். தெற்குத்தீவு அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 300, 350 என்று போனால் கிளிக் திருப்ப, அதாவது குறியை ஏற்றி இறக்கும் திருகைப் படிப்படியாகத் திருப்ப, தெரிய வேண்டும், அதற்கு ஏற்ற ஸ்கோப் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நான் சொல்வது மில் கணக்கில் திருகு, முதல் தளத்தில் குறுக்குக்கோடு, பக்கவாட்டில் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோலத் தெரியும் பிசகு) சரிசெய்யும் திருகு, 3-15x44 மாதிரி ஒன்று.

மில் ஏன் என்றால் நமக்கு மீட்டர் பழக்கம். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், ஒரு கிளிக் அதில் பத்தில் ஒன்று, ஒரு சென்டிமீட்டர். 300 மீட்டரில் ஒரு கிளிக் 3 சென்டிமீட்டர். மனக்கணக்கு. எம்.ஓ.ஏ. என்ற இன்னோர் அளவுமுறை என்றால், கால் எம்.ஓ.ஏ. நகரும் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சொச்சம், அங்குலமும் கெஜமும் பேசும் அமெரிக்கர்களுக்கு அது சுலபம்.

.308-இல் 165 கிரெய்ன் எடையுள்ள குண்டை 200 மீட்டருக்குச் சரியாக வைத்தால் 100 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் மேலே படும், 300-இல் சுமார் 25 சென்டிமீட்டர் கீழே, 400-இல் 70-ஐத் தாண்டிவிடும். செம்மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 25 சென்டிமீட்டர் அகலம்தான். பார்வையில் பக்கம்போல இருக்கும் அந்தக் கடைசி நூறு மீட்டரில்தான் குண்டு தலைகுப்புற விழுகிறது. 300-க்கு எட்டு கிளிக் திருப்பினால் குறுக்குக்கோட்டின் நடுப்புள்ளியை நேராக மான் மேல் வைக்கலாம், ஊகம் வேண்டாம்.

முதல் தளம் என்றால் மடங்கை எப்படி மாற்றினாலும் கோட்டில் உள்ள அளவுக் குறிகள் சரியாகவே இருக்கும். இரண்டாம் தளத்தில் அவை பெரும்பாலும் மேல் எண்ணில் வைத்தால் மட்டும்தான் உண்மை. அவசரத்தில் மடங்கைப் பார்க்க மறந்துவிட்டால் குறி தவறும்.

---

தெற்குத்தீவு

ஜொகூர் தம்பி சொன்ன எண்களெல்லாம் சரி. இரண்டு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து.

முதல் தளக் குறுக்குக்கோடு 3 மடங்கில் முடிபோல மெலிந்துவிடும். புதருக்குள் அந்தி வெளிச்சத்தில், நான் முன்பு சொன்ன முப்பது மீட்டர் மானைப் பார்க்கும்போது, கோடு எங்கே என்றே தெரியாது. நடுப்புள்ளியில் விளக்கு இருந்தால் சரி, இல்லையென்றால் வேட்டைக்கு இரண்டாம் தளம்தான் என் கைக்கு ஒத்துவருகிறது. கிளிக் திருப்பினால் கோட்டுக் குறியே தேவையில்லை, அப்புறம் எந்தத் தளம் என்பது பெரிய விஷயமும் இல்லை. ஆனால் திருகுக்குப் பூட்டோ மூடியோ இருக்க வேண்டும். பையில் உரசித் திருகு சுற்றிக்கொண்டதைக் கவனிக்காமல் சுட்டு ஒரு நல்ல கடாவை விட்டிருக்கிறேன். சுடும் முன் சைபரில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

இரண்டாவது காற்று. உயரத்துக்குக் கிளிக் இருக்கிறது, காற்றுக்கு மனிதன்தான். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று 300 மீட்டரில் .308 குண்டை சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளும். ஜொகூர் கிளப்பில் கொடி கட்டியிருப்பார்கள், இங்கே பள்ளத்தாக்கில் உங்கள் கன்னத்தில் ஒரு காற்று, நடுவில் ஒன்று, மான் நிற்கும் இடத்தில் வேறொன்று. எதிரே புல் சாயும் பக்கத்தைப் பைனாகுலரில் பார்ப்பதுதான் வழி. அதோடு 400 மீட்டர் போக குண்டுக்கு அரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் மான் ஓர் அடி வைத்தால் குடலில் படும். பால்மரம் ஐயா தேடிய பன்றியை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே தேட வேண்டிய சரிவு இன்னும் மோசம். அதனால்தான் எனக்கு நானே 300 என்று எல்லை வைத்திருக்கிறேன். புதிதாக வரும் தம்பிக்கு 200. ஸ்கோப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த எண் மாறாது, பயிற்சியில்தான் மாறும். 350-இல் நிற்கும் மானைப் பார்த்தால் பாதி நேரம் ஓர் ஓடையைச் சுற்றி 150-க்குப் போய்விடலாம், வேட்டையில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

சரிவில் சுடும்போது படுக்கை வாட்டத் தூரத்தைத்தான் எடுக்க வேண்டும். 30 டிகிரி மேட்டில் 350 மீட்டர் என்று தூரமானி காட்டினால் கணக்குக்கு 303 மீட்டர். இது தெரியாமல் நிறையப் பேர் மேலே சுட்டுவிடுகிறார்கள்.

---

பத்துவளையம்

காற்று விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே, மலையில் நான் சுட்டதில்லை.

அந்தத் தம்பிக்கு ஒரு சோதனை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்கோப் வாங்கினாலும் முதல் நாளே செய்யுங்கள். 100 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் உயரமான அட்டை வையுங்கள். தூக்குக்குண்டு கட்டி நேர்செங்குத்தாகக் கோடு போட்டு, கீழே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையே குறி வைத்து மூன்று குண்டு. திருகை 5 மில் ஏற்றி அதே புள்ளியைக் குறி வைத்து மூன்று குண்டு. இரண்டாவது கூட்டம் சரியாக 50 சென்டிமீட்டர் மேலே, கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். பிறகு சைபருக்குத் திருப்பி மூன்று குண்டு, முதல் ஓட்டை இருந்த இடத்துக்கே வர வேண்டும். கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப்பைச் சாய்த்துப் பூட்டியிருக்கிறீர்கள். 50-க்குப் பதில் 47 வந்தால் திருகு பொய் சொல்கிறது, கடையில் கொடுத்து மாற்றுங்கள். நான் முன்பு வாங்கிய மலிவான ஒன்று, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஏறும்போது சரியாக ஏறும், இறங்கும்போது மூன்று கிளிக் குறைவாக இறங்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு வருடம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேரலாக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். 100 மீட்டருக்கு நிலைநிறுத்திய 44 மில்லிமீட்டர் ஸ்கோப்பில், 300 மீட்டரில் கண் முழுக்க விளிம்புக்குப் போய்விட்டால் அதிகபட்சம் நாலு சென்டிமீட்டர் பிசகும். கன்னத்தை ஒரே இடத்தில் வைத்துப் பழகினால் அதுவும் வராது. வேட்டைக்கு அந்தத் திருகு இல்லாமலே வாங்கலாம், எடையும் குறையும்.

---

செம்பனைக்காடு

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு மச்சானிடம் இரண்டு மணி நேரம் பேசினேன், நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம்: ஸைஸ் கான்குவெஸ்ட் வி4 3-12x44, லியூபோல்ட் வி.எக்ஸ்-3எச்.டி. 3.5-10x40, அப்புறம் அதே லியூபோல்டில் 4.5-14x40. ஸ்வரோவ்ஸ்கி இஸட்5 அவருக்கு ஆசை, ஆனால் அது எங்கள் இருவர் பணத்துக்கும் எட்டாது.

---

தெற்குத்தீவு

கீழ் எண்ணைப் பார்த்தே 4.5-ஐத் தள்ளிவிடுங்கள். மீதி இரண்டில் எதுவானாலும் வருத்தப்பட மாட்டீர்கள், மாலையில் கடைக்குப் போய் மூடும் நேரத்தில் வாசலில் நின்று இரண்டையும் ஒரே மடங்கில் வைத்து எதிர்த்தெரு நிழலைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு எது தெளிவோ அது.

பணம் முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிடாதீர்கள். நல்ல வளையங்களும் அடித்தகடும், முறுக்கு அளவு காட்டும் திருப்புளி ஒன்றும் வேண்டும். வளையத் திருகை 2 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்துங்கள், நிறுவனம் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. கைப்பலத்தில் முறுக்கிக் குழாயை நசுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டும் முன் மலையில் போடப்போகும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, படுத்து, மேல் மடங்கில் வைத்து முழு வட்டம் தெரிகிறதா பாருங்கள். நம் ஊர்ச் சட்டையில் அளந்து பூட்டினால் அங்கே ஜாக்கெட் கனத்தில் முகம் பின்னால் போய்விடும். ரொம்ப முன்னால் போனால் .308 உதைத்துப் புருவத்தைக் கிழிக்கும், கண்ணாடி வேறு போடுகிறீர்கள். நீங்களும் மச்சானும் ஒரே துப்பாக்கி என்றால் இருவரும் படுத்துப் பார்த்துத்தான் இடம் முடிவுசெய்ய வேண்டும்.

மீதிப் பணத்துக்குத் தோட்டா. குறைந்தது நூறு, மலையில் சுடப்போகும் அதே வகை, அதே எடை. அதில் பாதியை மேசை மேல் சுடாமல் முதுகுப்பை மேல் சாய்த்து, உட்கார்ந்து, மூச்சு வாங்க ஓடிவந்து படுத்துச் சுடுங்கள்.

---

பால்மரம்52

தம்பி, போய் வந்து எழுதுங்கள். சுட்டாலும் சரி, சுடாமல் வந்தாலும் சரி. உங்கள் அப்பா இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார், அவர் எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள், தெரிந்தவராக இருக்கலாம்.

---

செம்பனைக்காடு

ஐயா, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தெற்குத்தீவு அண்ணே, மச்சான் நேற்று சாயங்காலமே கடை வாசலில் நின்று பார்த்துவிட்டார். 8 மடங்கில் ஸைஸ் அவர் கண்ணுக்குத் தெளிவாக இருந்ததாம், எதிர்த்தெரு மரத்தடியில் நின்ற சைக்கிளின் கம்பி தெரிந்தது என்றார். நானும் போய்ப் பார்க்கும்வரை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மார்ச் 25 விமானம். மூன்று நாள் சுடுதளம், அப்புறம்தான் மலை. எனக்கு எல்லை 200 மீட்டர் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார்.